முதுகில் மண்டை ஓடு! பிடித்தால் கீச்சிடும்!

நாமக்கல் மாவட்டத்தில் உள்ள கொல்லிமலைக்குப் போகும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. மலைமேல் இரவில் விளக்கு ஏற்றினால் அந்துப்பூச்சிகள் வரும். விட்டில்பூச்சி என்றும் இவற்றைச் சொல்வார்கள்.

சிலர் உடனே துடைப்பத்தை எடுக்கிறார்கள். அவசரம் வேண்டாம்!

எப்போது பார்க்கலாம்?

மழை பெய்து செடிகள் தளிர்த்தால் புழுக்கள் பெருகும். சில வாரங்களில் அவை பூச்சியாகிப் பறக்கும். நிலா இல்லாத இரவில் வெள்ளை வேட்டியைக் கொடியில் கட்டி, முன்னால் விளக்கு வையுங்கள். பூச்சிகள் தாமாக வந்து உட்காரும். பனிக்காலத்தில் வரத்துக் குறையும்.

அடையாளம் என்ன?

வண்ணத்துப்பூச்சியின் மீசை நுனி தடித்திருக்கும். அந்துப்பூச்சியின் மீசை பெரும்பாலும் நூல் போலவோ, இறகு போலவோ இருக்கும்.

புழு தின்னும் செடியும் பெயரைக் காட்டிக் கொடுக்கும். அரளி தின்னும் புழு, பச்சை நிறப் பூச்சியாகும். எள் செடியில் வளருவது மண்டை ஓட்டுப் பூச்சி. முதுகில் மண்டை ஓடு போன்ற குறி இருக்கும். பிடித்தால் கீச்சிடும். தேன்கூட்டில் புகுந்து தேனைத் திருடும். ஆனால் மனிதரைக் கடிக்காது. பேயும் அல்ல, பிசாசும் அல்ல!

நீலகிரியில் தேயிலை பயிரிட்ட ஆங்கிலேயர் ஜார்ஜ் ஹாம்ப்சன், இந்திய அந்துப்பூச்சிகளைப் பற்றி 4 தொகுதிகள் எழுதினார். அவை 1892 முதல் 1896 வரை வெளிவந்தன.

வாய் இல்லாத பூச்சி

ஒதிய மரத்தில் வளரும் நிலாப்பூச்சி இளம்பச்சை நிறம். நீண்ட வால் உண்டு. பூச்சியான பின் உண்ண வாயே கிடையாது! ஏறக்குறைய ஒரு வாரமே உயிர் வாழும். அதற்குள் துணை தேடி, முட்டையிட வேண்டும்.

விளக்கையே சுற்றினால் அந்த வாரம் வீணாகிவிடும். ஆகவே, பார்த்து முடித்ததும் தேதியையும் செடியையும் நோட்டில் குறித்துவிட்டு, விளக்கை அணைத்துவிடுங்கள்.