கிழங்கும் மோரும்: லண்டன் தீர்மானித்த அயர்லாந்து அடுப்பு

பால், தயிர், வெண்ணெய், ஓட்ஸ் கஞ்சி. உருளைக்கிழங்கு வேரூன்றுவதற்கு முன் அயர்லாந்து கிராமங்களின் அன்றாட உணவு இதுவே. கறவை மாடு செல்வம் என்பதால் இறைச்சி அபூர்வம்.

18-ஆம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. வெண்ணெயும் தானியமும் சந்தைக்குச் சென்றன. அந்தப் பணம் நிலச்சுவான்தாருக்குக் குத்தகையாகப் போனது. வீட்டில் வளர்த்த பன்றியும் அதற்கே. "குத்தகை கட்டும் கனவான்" என்று அதற்குப் பட்டமே உண்டு. ஏழைத் தொழிலாளிக்கு மிஞ்சியது துண்டு நிலத்துக் கிழங்கு மட்டுமே.

தோலோடு வேகவைத்து, நீரை வடித்து, கூடையில் கொட்டுவார்கள். குடும்பமே சுற்றி அமர்ந்து கையால் உரித்து உண்ணும். தொட்டுக்கொள்ள உப்பு, குடிக்க மோர், கடலோரத்தில் எப்போதாவது ஹெர்ரிங் மீன். உழைக்கும் ஆண் ஒருவர் நாளொன்றுக்கு 5 கிலோவுக்கு மேல் கிழங்கு உண்டதாகக் கணக்கு. நம்பக் கடினம்தான், ஆனால் மோரோடு சேர்ந்தால் அது சத்துக் குறைவான உணவல்ல. பழைய கிழங்கு தீர்ந்து புதியது வராத கோடை மாதங்கள்தான் கொடுமை. கடனுக்கு ஓட்ஸ் மாவு வாங்குவார்கள். அதுவும் கிடைக்காத வீட்டுப் பெண்கள் பிள்ளைகளோடு வெளியூருக்குப் பிச்சைக்குப் போனார்கள்.

1845-இல் கருகல் நோய் தாக்கியது. அடுத்த ஆண்டு விளைச்சல் ஏறக்குறைய முற்றிலும் அழிந்தது. அயர்லாந்துக்கெனத் தனி நாடாளுமன்றம் 1801 முதல் கிடையாது, முடிவெடுத்தது லண்டன். பிரதமர் பீல் அமெரிக்க மக்காச்சோளத்தை ரகசியமாக வரவழைத்தார். அரைக்கவும் வேகவைக்கவும் பழக்கமில்லாத மக்களுக்கு அது வயிற்றைக் கெடுத்தது; "பீலின் கந்தகம்" என்று பெயரிட்டனர். 1846-இல் அவர் அரசு கவிழ்ந்தபின் வந்த ரஸ்ஸல் அரசு, சந்தையில் தலையிடக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தது. தானிய ஏற்றுமதிக்குத் தடை இல்லை.

1847 கோடையில் அரசின் கஞ்சித் தொட்டிகள் ஒரு கட்டத்தில் தினமும் சுமார் 30 லட்சம் பேருக்கு உணவளித்தன. முடியும் என்று நிரூபணமான பிறகே, அந்த இலையுதிர் காலத்தில் அவற்றை மூடினார்கள். இந்த வரலாற்றில் மன்னிக்கக் கடினமான இடம் இதுவே. 1841-இல் 81 லட்சத்தைத் தாண்டியிருந்த மக்கள்தொகை 1851-இல் சுமார் 65 லட்சமாகச் சுருங்கியது. இறந்தவர்கள் ஏறத்தாழ 10 லட்சம். கப்பலேறியவர்களும் ஏறக்குறைய அவ்வளவே.

நிவாரணச் செலவின் கடிவாளத்தைப் பிடித்திருந்த கருவூல அதிகாரி சார்லஸ் டிரெவெல்யனுக்கு 1848-இல் "சர்" பட்டம் கிடைத்தது. 1859-இல் அவர் சென்னை மாகாண ஆளுநரானார். மறு ஆண்டே திருப்பி அழைக்கப்பட்டார். வருமான வரியைப் பகிரங்கமாக எதிர்த்த குற்றத்துக்காக.