செயற்கை நுண்ணறிவு நிரலாக்க உதவியாளர்: அமர்வுப் பதிவு

செயற்கை நுண்ணறிவு நிரலாக்க உதவியாளருடன் நிரலாளர் நடத்தும் உரையாடலையும், அப்போது கணினியில் நிகழும் செயல்களையும் கோப்பில் சேமித்து வைப்பது அமர்வுப் பதிவு எனப்படும். நிரலாளரின் கேள்வி, உதவியாளரின் விடை, அது படித்த கோப்புகள், இயக்கிய கட்டளைகள், அவற்றின் வெளியீடு ஆகியவை இப்பதிவில் இடம்பெறும். கிளாட் கோட், கோடெக்ஸ், எய்டர் போன்ற, முனையத்தில் இயங்கும் உதவியாளர்கள் கோப்புகளைத் தாமே திருத்தவும் கட்டளைகளை இயக்கவும் வல்லவை. ஆகவே அவை என்ன செய்தன என்பதைப் பின்னர் அறிய ஒரு பதிவு தேவைப்படுகிறது.

தேவை

கிட் போன்ற பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள், நிரலில் எந்த வரி எப்போது யார் பெயரில் மாறியது என்பதைக் காட்டும். அம்மாற்றம் எந்தக் கேள்விக்கு விடையாக வந்தது என்பதைக் காட்டாது.

எடுத்துக்காட்டாக, வட்டி கணக்கிடும் நிரல் ஒன்றில் ஒரு சோதனை தோல்வியடைகிறது என்று கொள்வோம். "சோதனை வெற்றி பெறும்படி செய்" என்று கேட்டால், உதவியாளர் நிரலிலுள்ள பிழையை விட்டுவிட்டு, சோதனையில் எதிர்பார்க்கப்படும் எண்ணையே மாற்றிவிடக்கூடும். சோதனைகள் எல்லாம் வெற்றி பெறும்; வட்டி மட்டும் தவறாகவே இருக்கும். பின்னர் கிட் வரலாற்றைப் பார்ப்பவருக்கு எண் மாறியது தெரியும். வட்டி விதி மாறியதால் எண் மாறியதா, தெளிவற்ற கட்டளையால் மாறியதா என்பதை அமர்வுப் பதிவுதான் சொல்லும்.

மீண்டும் அதே கேள்வியைக் கேட்டுப் பார்ப்பது இதற்கு ஈடாகாது. மொழி மாதிரி ஒரே கேள்விக்கு ஒவ்வொரு முறையும் வேறு விடை தரலாம். மாதிரியின் பதிப்பும் இடையில் மாறியிருக்கலாம்.

பதிவு செய்யும் முறைகள்

1. முனையப் பதிவு. யுனிக்சு வகை இயங்குதளங்களில் உள்ள ஸ்கிரிப்ட் என்னும் கட்டளை 1979 ஆம் ஆண்டு இறுதியில் வெளிவந்த 3பிஎஸ்டி பதிப்பில் அறிமுகமானது. இது நிரலாளருக்கும் அவர் இயக்கும் மென்பொருளுக்கும் இடையே ஒரு போலி முனையத்தை அமைத்து, திரைக்குச் செல்லும் எழுத்துகளை எல்லாம் ஒரு கோப்பிலும் எழுதுகிறது. கோப்பின் பெயரைக் குறிப்பிடாவிட்டால் டைப்ஸ்கிரிப்ட் என்ற பெயரில் கோப்பு உருவாகும். லினக்சில் நேரக் குறிப்புகளையும் சேர்த்துப் பதிந்தால், ஸ்கிரிப்ட்ரீபிளே கட்டளை மூலம் அமர்வைப் படம்போல மீண்டும் ஓட்டிப் பார்க்கலாம்.

2. உதவியாளரின் சொந்தப் பதிவு. கிளாட் கோட் தன் அமர்வுகளைப் பயனரின் முகப்பு அடைவில் உள்ள மறைவு அடைவில் சேமிக்கிறது. கோடெக்ஸ் தன் பதிவுகளை ஆண்டு, மாதம், நாள் வாரியாக அடைவுகளில் பிரித்து வைக்கிறது. இரண்டும் பயன்படுத்துவது ஜேசன் வரிகள் எனும் வடிவத்தை: ஒரு நிகழ்வுக்கு ஒரு வரி. எய்டர் உரையாடலை மார்க்டவுன் கோப்பாகத் திட்டத்தின் அடைவிலேயே எழுதுகிறது.

3. இடைநிலைப் பதிவு. உதவியாளருக்கும் தொலைவிலுள்ள மாதிரிக்கும் நடுவே பிராக்சி எனப்படும் இடைநிலைச் சேவையகத்தை வைத்து, போய்வரும் தரவைப் பதிவது மூன்றாவது முறை. உதவியாளர் மாதிரிக்கு அனுப்பும் மறைவான அறிவுறுத்தல்களும் இதில் தெரியும். அமைப்பது மற்ற இரண்டையும் விடக் கடினம்.

திரையும் பதிவும்

முனையப் பதிவில் இருப்பது நிரலாளர் பார்த்தது. மாதிரி பார்த்தது அன்று. உதவியாளர் 800 வரிக் கோப்பைப் படித்திருந்தாலும் திரையில் கோப்பின் பெயர் மட்டுமே தோன்றலாம். அந்த 800 வரிகள் முனையப் பதிவில் இரா. மேலும், திரையை இடைவிடாது மீண்டும் வரையும் உதவியாளர்களின் முனையப் பதிவில் நிறம், இடம் ஆகியவற்றுக்கான கட்டுப்பாட்டுக் குறிகள் நிறைந்திருக்கும். அதை உரைக்கோப்பாகப் படிப்பது கடினம். எனவே காரணத்தை ஆராய இரண்டாம் முறையும், நடந்ததைப் பிறருக்குக் காட்ட முதல் முறையும் பொருந்தும்.

உதவியாளர் தன் செயலுக்குக் கூறும் விளக்கமும் பதிவில் இருக்கும். அதை அச்செயலின் உண்மையான காரணம் என்று அப்படியே கொள்ளலாகாது. பதிவிலுள்ள கட்டளைகளும் அவற்றின் வெளியீடுமே உறுதியான சான்று.

பாதுகாப்பு

அமர்வுப் பதிவின் பெரிய ஆபத்து இரகசியங்கள் கசிவது. உதவியாளர் அமைவுக் கோப்பு ஒன்றைப் படித்தால், அதிலுள்ள தரவுத்தளக் கடவுச்சொல்லும் பதிவில் சேர்ந்துவிடும். லினக்சு ஸ்கிரிப்ட் கட்டளையில் உள்ளீட்டையும் பதியும் விருப்பத்தை இயக்கினால், தட்டச்சிடும்போது திரையில் தோன்றாத கடவுச்சொற்களும் கோப்பில் எழுதப்படும்.

பதிவைக் கிட் களஞ்சியத்தில் சேர்த்துவிட்டுப் பின்னர் நீக்கினாலும், பழைய வரலாற்றில் அது இருக்கும். களஞ்சியம் பொதுவெளிக்குச் சென்றிருந்தால், கசிந்த கடவுச்சொல்லை உடனே மாற்றுவதே முதல் வேலை.

நடைமுறைக் குறிப்புகள்

• பதிவுக் கோப்புகளைக் களஞ்சியத்துக்கு வெளியே வைக்கவும். அல்லது கிட் புறக்கணிக்கும் பட்டியலில் சேர்க்கவும்.
• கோப்பு அனுமதியை 600 என அமைத்தால் உரிமையாளர் மட்டுமே அதைப் படிக்க இயலும்.
• ஒவ்வொரு அமர்வுக்கும் நாளும் பணியும் விளங்கும் பெயர் இடவும்.
• பிறருக்கு அனுப்பும் முன் கடவுச்சொல், சாவி, வாடிக்கையாளர் விவரம் உள்ளனவா என்று தேடிப் பார்க்கவும்.
• கிளாட் கோட் இயல்பாக 30 நாட்களுக்குப் பின் பழைய பதிவுகளை நீக்கிவிடும். நீண்ட காலம் தேவையெனில் அமைப்பை மாற்றவும் அல்லது படியெடுத்து வைக்கவும்.
• குழுவாகப் பணிபுரியும் இடத்தில், பதிவு எடுக்கப்படுவதையும் அதை யார் படிப்பார் என்பதையும் அனைவருக்கும் முன்கூட்டியே தெரிவிக்கவும்.

மாணவர்களுக்கு இப்பதிவு மற்றொரு வகையிலும் பயன்படும். ஒப்படைத்த நிரலில் தாம் எழுதியது எது, உதவியாளர் எழுதியது எது என்று ஆசிரியர் கேட்டால், நினைவை நம்பாமல் பதிவைக் காட்டி விடை சொல்ல முடியும்.