பழைய மோட்டார் சைக்கிளும் முட்டுகின்ற பெற்றோல் ரப்பும்

திருகோணமலையில் எண்ணெய்த் தாங்கி என்று சொன்னால் எல்லோருக்கும் சீனன்குடாதான் நினைவுக்கு வரும். பிரித்தானியர் காலத்தில், 1930களில் கட்டப்பட்ட அந்த 99 தாங்கிகளைப் பற்றிக் கொழும்பும் டெல்லியும் பல காலம் பேசி வந்தன. 2022 ஜனவரியில் செய்த ஒப்பந்தத்தின்படி 61 தாங்கிகள் கூட்டு நிறுவனம் ஒன்றுக்கும், 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 14 லங்கா ஐஓசிக்கும் என்று பிரிக்கப்பட்டன. அதே ஆண்டில்தான் எங்கள் சனம் பெற்றோலுக்காக இரவிரவாக வரிசையில் நின்றது. கியூஆர் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிடைத்தது கிழமைக்கு நான்கு லீற்றர்.

நான் எழுத வந்தது, அந்த நான்கு லீற்றரை வாங்கி வைத்திருக்கும் சின்னத் தாங்கியைப் பற்றியும், அதன் அடியில் இருக்கும் பெற்றோல் ரப்பைப் பற்றியும்தான். உள்துறைமுக வீதிப் பக்கத்தில் மோட்டார் சைக்கிள் திருத்தும் வேலையில் இருப்பவன் நான். கடந்த சில வருடங்களாக என்னிடம் அடிக்கடி வரும் முறைப்பாடு ஒன்றுண்டு: "தம்பி, வேறை ராங்கி போட்டனான், ரப் முட்டுது. கொஞ்சம் தட்டி விடுங்கோ." தட்டி விடுகிற வேலை அல்ல இது. ஏன் என்று விளக்குகிறேன்.

தாங்கி ஏன் மாற்றப்படுகிறது

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இந்த ஐந்து வருட இடைவெளியில் புதிய மோட்டார் சைக்கிளின் விலை எட்டாத உயரத்துக்குப் போக, மூலையில் கிடந்த பழையவை எல்லாம் மீண்டும் வீதிக்கு வந்தன. சி.டி. 125 பென்லி, சி.டி. 200, சி.ஜி. 125 போன்ற பழைய ஹொண்டாக்கள், அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பிரித்தானிய பி.எஸ்.ஏ., ட்ரையம்ப் என்று பலவகை. இயந்திரத்தைத் திருத்தி எடுக்கலாம். தாங்கிதான் சிக்கல். கடற்காற்றில் உப்பு ஏறி, அடித்தகடு உக்கி, பொருத்து வழியே கசியும். பழைய தாங்கி கிடைக்காது. ஆகவே வேறொரு மோட்டார் சைக்கிளின் தாங்கியைக் கொண்டுவந்து ஏற்றுகிறார்கள். இளம் பெடியள் அழகுக்காகவும் மாற்றுகிறார்கள்.

சம்பூரிலிருந்து ஒரு அம்மா தன் மகனோடு ஒரு சி.டி. 125 ஐக் கொண்டுவந்தார். கணவருடையது. 2006 இல் இடம்பெயர்ந்து வாகரை, மட்டக்களப்பு என்று அலைந்து, கடைசியில் கிளிவெட்டி முகாமில் பல வருடம் மழையில் நின்ற வண்டி. கணவர் இன்றுவரை திரும்பவில்லை. மகன் அதில்தான் மீன்பெட்டி கட்டி ஓடப்போகிறான். தாங்கியின் அடி சல்லடையாகிவிட்டது. "அதை மட்டும் வெட்டிப் போடாதையுங்கோ" என்றார் அம்மா. பழைய தாங்கியைத் துடைத்து அவரிடமே கொடுத்துவிட்டு, வேறொன்றைப் பொருத்தினோம். அங்கேயும் ரப் முட்டியது.

எங்கே முட்டுகிறது

சி.டி. 125 இரண்டு சிலிண்டர், ஒரு காபரேற்றர் உள்ள வண்டி. சிலிண்டருக்குப் பின்னால், தாங்கிக்கு நேர்கீழே காபரேற்றர் இருக்கும். வண்டிக்கென்று செய்த தாங்கியில் ரப் அந்த இடத்தை விலகி நிற்கும். வேறு தாங்கியில் ரப்பின் துளை இரண்டு அங்குலம் முன்னால் அல்லது உள்ளே இருக்கலாம். அப்போது நான்கு விதமாகச் சிக்கல் வரும்.

முதலாவது, ரப்பின் உடல் சிலிண்டர் தலையிலோ காபரேற்றர் மூடியிலோ சட்டத்திலோ தொடும். இரண்டாவது, உடல் தொடாவிட்டாலும் பிடி முழுதாகத் திரும்பாது. றிசேவுக்கோ மூடுவதற்கோ போக முடியாது. மூன்றாவது, ரியூப் மடிந்து நெரியும். நான்காவது, ரியூப் மேலேறி இறங்கும். பெற்றோல் தன் பாரத்தால் மட்டுமே இறங்குகிற வண்டி இது. ரியூப்பில் மேடு இருந்தால் அங்கே காற்றும் ஆவியும் தங்கி ஓட்டத்தை மறிக்கும்.

தொட்டுக்கொண்டு நிற்கும் ரப் நின்ற இடத்தில் நிற்காது. தாங்கி றப்பரில் மிதக்கிறது, இயந்திரம் அதிர்கிறது. ரப்பின் உடல் மெதுவான வார்ப்பு உலோகம். சில மாதத்தில் தேயும் அல்லது கழுத்தில் வெடிக்கும். அதற்குக் கீழேதான் சூடான சிலிண்டரும் பிளக் வயரும் இருக்கின்றன.

மண்ணெண்ணெய்க் காலத்துப் பழக்கம்

1990 யூனில் போர் மீண்டும் தொடங்கிப் பொருளாதாரத் தடை வந்தபின் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மோட்டார் சைக்கிள் எப்படி ஓடியது என்பதை மூத்தவர்கள் மறக்கமாட்டார்கள். சின்னப் போத்தலில் வைத்திருக்கும் சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்கு ஊட்டி இயந்திரத்தை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடினார்கள். சேலைன் குழாய், கம்பிக் கட்டு, கையில் அகப்பட்ட ரப் எல்லாம் பயன்பட்டன. அந்தக் கெட்டித்தனத்துக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் அந்தப் பழக்கம் இன்று பெற்றோல் வண்டியிலும் தொடர்கிறது, அதுதான் ஆபத்து.

மண்ணெண்ணெய் ஏறத்தாழ 38 பாகை செல்சியசுக்கு மேல் சூடானால்தான் பற்றக்கூடிய ஆவியை விடும். பெற்றோல் பூச்சியத்துக்குக் கீழே 40 பாகையிலும் விடும். அன்று கசிந்த மண்ணெண்ணெய் புகைந்து மணத்தது. இன்று கசியும் பெற்றோலுக்கு ஒரு பொறி போதும். சேலைன் குழாயும் பெற்றோலுக்கு ஏற்றதல்ல. அதை வளைய வைக்கும் பதார்த்தத்தைப் பெற்றோல் கரைத்துவிடும். குழாய் மஞ்சளாகி, இறுகி, வெடிக்கும்.

முதலில் அளவு எடுங்கள்

கண்ணால் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. ரொட்டிக்குக் குழைக்கும் கோதுமை மாவில் ஒரு உருண்டை எடுத்து, பொலித்தீனில் சுற்றி, ரப் தொடும் என்று நினைக்கும் இடத்தில் வையுங்கள். தாங்கியைப் பொருத்தி, ஆணியை இறுக்கி, மேலிருந்து பாரம் கொடுத்து அமத்துங்கள். கழற்றி உருண்டையை வெட்டினால் மிஞ்சிய தடிப்புத்தான் உண்மையான இடைவெளி. குறைந்தது 10 மில்லிமீற்றர் இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. சின்னவிரல் தாராளமாக நுழைய வேண்டும். பிடியை எல்லா நிலைக்கும் திருப்பிப் பாருங்கள். ஹாண்டிலையும் இரு பக்கமும் முழுதாக மடித்துப் பாருங்கள்.

செலவு குறைந்ததிலிருந்து தொடங்குங்கள்

ஒன்று, ரப்பைத் திருப்புதல். பல பழைய ஹொண்டாக்களில் ரப்பைப் பிடிக்கும் பெரிய நட்டின் உள்ளே ஒரு பாதி வலம்புரி, மறுபாதி இடம்புரி. அதனால் ரப்பை விரும்பிய திசையில் நிறுத்தி நட்டை இறுக்கலாம். இரண்டு ஆணியில் நிற்கும் ரப் என்றால், துளைகள் சமமாக இருந்தால் 180 பாகை திருப்பிப் பூட்டலாம். பிரித்தானிய வண்டிகளில் பெரும்பாலும் கால் அங்குல பி.எஸ்.பி. புரி. அங்கே ரப் இறுகி நிற்கும் திசை எங்கள் கையில் இல்லை. வொஷரின் தடிப்பால்தான் சரிசெய்யலாம். அங்குலத்துக்கு 19 புரி என்பதால் ஒரு முழுச் சுற்று 1.34 மில்லிமீற்றர். கால் சுற்றுத் திருப்ப மூன்றில் ஒரு மில்லிமீற்றர் தடிப்பை மாற்றினால் போதும். இந்தப் புரியில் மீற்றர் அளவு ரப்பை ஒருபோதும் வலிந்து ஏற்றாதீர்கள்.

இரண்டு, ரப்பை மாற்றுதல். வாய் கீழ்நோக்கி இருப்பதற்குப் பதில் பக்கவாட்டிலோ பின்னோக்கியோ இருக்கும் ரப் கிடைக்கும். பெரும்பாலான முறைப்பாடுகள் இதோடு தீரும். உள்ளே நிற்கும் குழாயின் உயரத்தையும் பாருங்கள். அந்த உயரம்தான் உங்கள் றிசேவ்.

மூன்று, தாங்கியை உயர்த்துதல். றப்பரைத் தடிப்பாக்கி ஐந்தாறு மில்லிமீற்றர் உயர்த்தலாம். ஆனால் ரப் பின்பக்கம் இருக்கப் பின்னால் மட்டும் உயர்த்தினால் பெற்றோல் முன்னுக்கு ஓடித் தேங்கிவிடும். முன்னும் பின்னும் சமமாக உயர்த்துங்கள். தாங்கியின் அடி சேணம்போல் சட்டத்தின் இரு பக்கமும் இறங்குகிறது. ரப் ஒரு பக்கம் மட்டும் என்றால் மறுபக்கத்தில் தேங்குவது வராது. வண்டியைச் சரித்துப் படுக்கவைத்துக் கடைசிப் பெற்றோலை எடுக்கும் வித்தை அதனால்தான். நான்கு லீற்றர் கிடைத்த காலத்தில் அரை லீற்றர் அங்கே முடங்கினால் எட்டில் ஒன்று நட்டம். இரு பக்கத்தையும் இணைக்கும் குழாய் உள்ள தாங்கியாகப் பார்த்து வாங்குங்கள்.

நான்கு, ரியூப்பின் இடையில் ரப் வைத்தல். தாங்கியில் வளைந்த வாய் ஒன்றைப் பூட்டி, ரப்பை வசதியான இடத்துக்குக் கொண்டுபோகலாம். இதில் றிசேவ் இல்லை. தாங்கிக்கும் ரப்புக்கும் இடையிலுள்ள ரியூப் வெடித்தால் மூடுவதற்கும் ஒன்றில்லை. நாளாந்தம் ஓடும் வண்டிக்கு நான் இதைச் செய்வதில்லை.

ஐந்து, துளையை இடம் மாற்றி ஒட்டுதல். இது கடைசி வழி. வெறும் தாங்கி ஆபத்தில்லை என்று நினைப்பவர்கள் பலர். காற்றில் பெற்றோல் ஆவி நூற்றுக்கு 1.4 முதல் 7.6 வரை இருந்தால் வெடிக்கும். வெறும் தாங்கியில் இருப்பது அந்தக் கலவைதான். மாதக்கணக்காகக் காய்ந்த தாங்கியும் நெருப்புப் பட்டால் பொருத்துக்குள் ஊறியதை ஆவியாக விடும். சவர்க்காரச் சுடுநீரால் பலமுறை கழுவி, ஒட்டும் இடம்வரை தண்ணீர் நிரப்பி வேலை செய்யத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். வீட்டில் செய்யாதீர்கள்.

செய்யக்கூடாதவையும் உண்டு. சிலிண்டர் இதழை வெட்ட வேண்டாம், ரப்பை அராவ வேண்டாம், தாங்கியின் அடியைச் சுத்தியலால் அமத்த வேண்டாம். அமத்திய தகடு பொருத்தில் வெடிக்கும்.

பூட்டியபின் சோதனை

வண்டியை வெளியே, நெருப்பில்லாத இடத்தில் நிறுத்துங்கள். காபரேற்றர் பக்கத்து ரியூப்பைக் கழற்றி, அளவுப் போத்தலில் ஒரு நிமிடம் பெற்றோலை விடுங்கள். லீற்றருக்கு 40 கிலோமீற்றர் ஓடும் வண்டி 60 கிலோமீற்றர் வேகத்தில் நிமிடத்துக்கு 25 மில்லிலீற்றர் குடிக்கும். தாங்கியில் ஒரு லீற்றர் மட்டும் இருக்கும்போதே 150 மில்லிலீற்றர் வந்தால் மலையேறவும் போதும். முதலில் நன்றாக வந்து பிறகு மெலிந்தால் மூடியின் காற்றுத் துளையைப் பாருங்கள். உப்பும் தூசியும் அதை அடைத்துவிடும். இறுதியாகத் தாங்கியை நிரப்பி, கீழே மட்டை ஒன்றை விரித்து, இரவு முழுவதும் விடுங்கள். காலையில் மட்டையில் ஒரு பொட்டும் இருக்கக்கூடாது.

சம்பூர் வண்டிக்கு ரப்பைப் பின்னோக்கிய வாயுள்ளதாக மாற்றி, தாங்கியை ஆறு மில்லிமீற்றர் உயர்த்தினோம். சட்டத்தில் எதையும் வெட்டவில்லை, எதையும் ஒட்டவில்லை. நாளைக்குப் பழைய தாங்கியின் அடியை யாராவது ஒழுங்காகக் கட்டிக் கொடுத்தால், அரை மணித்தியாலத்தில் அதைத் திரும்ப ஏற்றலாம். எங்கள் சனத்திடம் மிஞ்சியிருக்கும் பழைய வண்டிகளில் கைவைக்கும் ஒவ்வொருவரிடமும் நான் கேட்பது இதுதான்: திருப்பிக் கழற்றக்கூடியதாக வேலை செய்யுங்கள். யாருக்கு அது யாருடைய நினைவு என்பது எங்களுக்குத் தெரியாது.