கையெழுத்துப் போடாத அமைச்சர்

ஜப்பானில் அமைச்சரவை ஒரு முடிவு எடுத்தால், அந்தத் தாளில் ஒவ்வோர் அமைச்சரும் தூரிகையில் மை தொட்டு, தமக்கே உரிய சித்திர வடிவில் ஒப்பமிட வேண்டும். பெரும்பான்மைக்கு அங்கே வேலையில்லை. ஒருவர் அழுத்தமாக மறுத்துவிட்டால், பிரதமர் பின்வாங்க வேண்டும், இல்லையென்றால் அவரைப் பதவியிலிருந்து நீக்க வேண்டும். ஆக, ‘மாட்டேன்’ என்று சொல்லும் உரிமை காகிதத்தில் எல்லா அமைச்சர்களுக்கும் உண்டு. அதை எடுத்துப் பயன்படுத்தியவர்கள் அபூர்வம். 1987-இல் மசஹாரு கொத்தோடா பயன்படுத்தினார். அவர் சமாதான இயக்கத்துக்காரர் அல்ல. ஒரு காலத்தில் நாட்டின் காவல்துறைக்கே தலைவராக இருந்தவர். அரசின் லத்தி எப்படி இறங்கும், எங்கே நிற்காமல் போகும் என்று கையில் பிடித்தே அறிந்தவர் என்பதால்தான் அவரால் மறுக்க முடிந்தது என்று நினைக்கிறேன்.

1914-இல் டொகுஷிமாவில் பிறந்த கொத்தோடா 1939-இல் உள்துறை அதிகாரியானார். போர்க்காலத்தில் ராணுவத்தில் சேர்ந்து தைவானில் இருந்தார். 1969-இல் காவல்துறைத் தலைமைக்கு வந்தபோது மாணவர் கிளர்ச்சி கொதித்துக்கொண்டிருந்தது. 1972 பிப்ரவரியில் ஐக்கிய செம்படை என்ற தீவிர இடதுசாரிக் குழுவைச் சேர்ந்த ஐந்து பேர் அசாமா மலை விடுதியில் ஒரு பெண்ணைப் பிணையாக வைத்துக்கொண்டு, துப்பாக்கிகளோடு பத்து நாள் அடைந்துகிடந்தார்கள். அந்தப் பெண்ணை மீட்க வேண்டும், உள்ளே இருப்பவர்களையும் உயிரோடு பிடிக்க வேண்டும் என்பது கொத்தோடாவின் உத்தரவு. இரண்டு காவல் அதிகாரிகள் சுடப்பட்டு இறந்த பிறகும் அது மாறவில்லை. ஐவரும் உயிரோடு பிடிபட்டார்கள். ஆயுதம் கையில் இருக்கும்போதே அதற்கு எல்லை வகுப்பது என்ற பழக்கம் அவரிடம் பிற்பாடு முளைத்ததல்ல.

அப்போது பிரதமராக இருந்த ககுவே தனகாவின் ஆளாக அரசியலுக்கு வந்து, 1974 மேலவைத் தேர்தலில் தோற்றார். அவருக்காக வேலை செய்தவர்கள் பலர் தேர்தல் முறைகேட்டு வழக்குகளில் கைதானார்கள். காவல்துறைத் தலைவராக இருந்தவருக்கு இதைவிடத் தலைகுனிவு என்ன வேண்டும்! 1976-இல் கீழவைக்குள் நுழைந்தார். 1982-இல் பிரதமரான யசுஹிரோ நகசோனே, வழக்கமாகப் பிரதமர்கள் கட்சிக்குள் தம் கோஷ்டிக்காரருக்கே கொடுக்கும் அமைச்சரவைத் தலைமைச் செயலாளர் என்ற அமைச்சர் பதவியைத் தனகா கோஷ்டியின் கொத்தோடாவுக்குக் கொடுத்தார். பத்திரிகைகள் அந்த ஆட்சிக்குத் ‘தனகாசோனே’ என்று பட்டம் கட்டின. உள்துறையில் நகசோனேயைவிட இரண்டு ஆண்டு மூத்தவர் என்பதும் சேர்ந்துகொண்டது. பிரதமரை அண்ணாந்து பார்க்க வேண்டிய நிலை அவருக்கு இல்லை.

1987-இல் ஈரான்–ஈராக் போர் நடந்துகொண்டிருந்தபோது, பாரசீக வளைகுடாவில் மிதந்த கண்ணிவெடிகளை அகற்றக் கப்பல் அனுப்ப நகசோனே விரும்பினார். கொத்தோடாவின் வாதம் எளிமையானது. போர் நடக்கும் கடலுக்குக் கப்பல் போனால் சுடுவார்கள். நாம் திருப்பிச் சுட்டுவிட்டுத் தற்காப்பு என்போம். எதிரில் இருப்பவனுக்கு அது போர். அந்த நிலைக்கு நாட்டு மக்கள் தயாராக இருக்கிறார்களா? அமைச்சரவையில் கையெழுத்திட மாட்டேன் என்றார். நகசோனே பின்வாங்கினார். வளைகுடாவில் கப்பல்களுக்கு வழிகாட்டும் கருவிகளுக்குப் பணம் தருவதோடு ஜப்பான் நின்றுகொண்டது.

நான்கே ஆண்டில், 1991-இல், ஜப்பான் ஆறு கப்பல்களை அதே வளைகுடாவுக்கு அனுப்பி 34 கண்ணிவெடிகளை அகற்றியதே, அவர் தடுத்தது வெறும் தாமதம்தானே என்று கேட்கலாம். 1991-இல் போர் முடிந்திருந்தது. யாரும் சுடாத கடலுக்கும் சுடுகிற கடலுக்கும் உள்ள வேறுபாட்டில்தான் அவருடைய வாதம் முழுக்க நின்றது. இன்னும் கனமான ஆட்சேபம் வேறு. 1993 மார்ச்சில் நீதி அமைச்சராக மூவரின் தூக்குத்தண்டனைக்கு உத்தரவிட்டவரும் இவரே. 1989-க்குப் பிறகு அதுவரை ஜப்பானில் யாரும் தூக்கிலிடப்பட்டிருக்கவில்லை. முந்தைய நீதி அமைச்சர் ஒருவர் பௌத்த நம்பிக்கையின் பேரில் கையெழுத்திட மறுத்திருந்தார். நீதிமன்றம் தந்த தீர்ப்பை நிறைவேற்ற மனமில்லாதவர் அந்தப் பதவியை ஏற்கவே கூடாது என்பது கொத்தோடாவின் நிலை. எனக்கு இது உவப்பில்லை. ஆனால் முரணும் இல்லை. 1986-இல் பிரதமர் அலுவலகப் பிரிவுகளைத் திருத்தி அமைத்தபோது அதிகாரிகளுக்கு அவர் சொன்ன ஐந்து அறிவுரைகளிலேயே இதற்கு விளக்கம் இருக்கிறது: காதுக்குக் கசப்பான செய்தியைக் கொண்டு வா, தயங்காமல் கருத்துச் சொல், முடிவாகிவிட்டால் உடனே செய். முடிவாகும் வரை எதிர்க்கலாம், பிறகு கூடாது. வளைகுடா விஷயம் இன்னும் முடிவாகவில்லை. தூக்கு விஷயத்தில் நீதிமன்றமும் சட்டமும் முடிவு சொல்லிவிட்டன. அவரை மென்மையானவராக வரைய நினைப்பவர்களுக்குத்தான் இதில் சங்கடம்.

அவரிடம் குறை காண வேண்டிய இடம் வேறு. ஊழலுக்கு மருந்தாக, ஆளும் லிபரல் ஜனநாயகக் கட்சியின் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை ஏற்று, ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர் என்ற முறையை 1989-இலிருந்து வலியுறுத்தியவர் அவர். 1994-இல் சட்டம் வந்தது. கட்சிக்குத் தொகுதியில் ஒரே வேட்பாளர் என்றானதும் சீட்டுக் கொடுக்கும் தலைமைக்குப் பலம் கூடியது. பிரதமரோடு மல்லுக்கு நின்ற கோஷ்டிகள் தேய்ந்தன. கொத்தோடாவை மறுக்கவிட்ட பின்பலமே அந்தக் கோஷ்டி அரசியல்தான். 2005-இல் அஞ்சல் துறைத் தனியார்மயத்தை எதிர்த்து வாக்களித்த 37 கீழவை உறுப்பினர்களுக்குப் பிரதமர் கொய்சுமி சீட்டு மறுத்து, அவர்களுக்கு எதிராக ஆள் நிறுத்தினார். நாடாளுமன்றத்தைக் கலைக்கும் தாளில் ஒப்பமிட மறுத்த வேளாண் அமைச்சரை அங்கேயே நீக்கிவிட்டு, அந்தப் பொறுப்பையும் தானே எடுத்துக்கொண்டார். கட்சி அபாரமாக வென்றது. 91 வயதான கொத்தோடா தேர்தல் முடிந்த எட்டாம் நாள் காலமானார். சீர்திருத்தமே தவறு என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாது. பழைய முறையின் பண நாற்றம் அவர் நேரில் கண்டது. ஆனால் அதைக் கழுவும்போது எது சேர்ந்து போகும் என்ற கணக்கை, கணக்கில் இவ்வளவு கூர்மையானவர் போட்டுப் பார்க்கவில்லை.