'செக் எஞ்சின்' லைட் எரியுதா? அழிக்கிற பட்டனைத் தொடும் முன் இதைப் படிங்க

வேலை முடிந்து கூட்டரசு நெடுஞ்சாலையில் வீட்டுக்குத் திரும்புகிறீர்கள். திடீரென்று டேஷ்போர்டில் எஞ்சின் வடிவத்தில் ஒரு மஞ்சள் லைட். கார் வழக்கம்போலத்தான் ஓடுது. வித்தியாசமான சத்தம் எதுவும் இல்லை. ஆனாலும் மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடும்: கார் லோன், வாடகை, இப்போ இது வேறயா?

மறுநாள் வொர்க்‌ஷாப்பில் ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டு, "சென்சார் போச்சு, மாத்தணும்" என்கிறார்கள். மாற்றுகிறீர்கள். லைட்டும் அணைகிறது. இரண்டு வாரம் கழித்து அதே லைட், அதே மஞ்சள்.

அந்த சென்சார் உண்மையிலேயே கெட்டுப்போயிருந்ததா? இந்தக் கேள்விக்குப் பாதி பதிலையாவது வீட்டு வாசலிலேயே, கைப்பேசியை வைத்தே தெரிந்துகொள்ளலாம். தேவைப்படுவது சில பத்து ரிங்கிட்டுக்கு இணையத்தில் கிடைக்கும் ஒரு சின்ன ரீடரும் கொஞ்சம் பொறுமையும்தான்.

முதலில், லைட் எப்படி எரியுது?

லைட் மஞ்சளாக, விடாமல் எரிகிறதா? கார் சாதாரணமாக ஓடினால் வீடுவரை நிதானமாக ஓட்டிப் போகலாம்.

மஞ்சள் லைட் விட்டுவிட்டு மின்னுகிறதா? அது வேற விஷயம். ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று பொருள். எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போய் அங்கே எரியும். அந்தச் சூட்டில் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரின் உள்பகுதி உருகிவிடலாம். காரில் விலை அதிகமான பாகங்களில் அதுவும் ஒன்று. ஆக்சிலரேட்டரை விட்டு வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்க. "இன்னும் ரெண்டு எக்ஸிட்தானே" என்று இழுத்துக்கொண்டு போகாதீங்க.

சிவப்பு நிறத்தில் எண்ணெய்க் குவளை அல்லது வெப்பமானி வடிவம் தெரிந்தால் ரீடரை எல்லாம் தேட வேண்டாம். காரை ஓரமாக நிறுத்தி, உடனே எஞ்சினை அணைக்கணும்.

எங்கே செருகுவது?

1996ஆம் ஆண்டு மாடல் முதல் அமெரிக்காவில் விற்கப்படும் எல்லா கார்களிலும் ஓபிடி-2 என்ற பொது முறை கட்டாயமானது. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001இல் அதே போன்ற விதி வந்தது. பிறகு உலகம் முழுக்க அதுவே வழக்கமாகிவிட்டது. நம்ம ஊர்க் கார்களில் ஓட்டுநரின் முழங்காலுக்கு மேலே, டேஷ்போர்டுக்கு அடியில் தேடுங்க. 16 ஊசிகளுக்கான, சரிவக வடிவச் சாக்கெட் ஒன்று இருக்கும். சில கார்களில் ஒரு சின்ன மூடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். ரொம்பப் பழைய கார்கள் சிலவற்றில் சாக்கெட் இருந்தாலும் மலிவான ரீடரோடு அது 'பேசாது'. அப்படியானால் வொர்க்‌ஷாப் ஸ்கேனர்தான் வழி.

இணையத்தில் விற்கும் ரீடர்களில் பெரும்பாலானவை இஎல்எம்327 என்ற சிப்பின் நகல்கள். ஐபோன் வைத்திருப்பவர்கள் கவனிக்கணும்: பழைய வகை புளூடூத் ரீடர் ஐபோனில் வேலை செய்யாது. குறைந்த ஆற்றல் புளூடூத் அல்லது வைஃபை வகை ரீடரைப் பார்த்து வாங்குங்க. செயலிக்கு 'டார்க்', 'கார் ஸ்கேனர்' போன்றவை போதும்.

எஞ்சினை அணைத்த நிலையில் ரீடரைச் செருகுங்க. சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்புங்க. பட்டன் ஸ்டார்ட் காராக இருந்தால், பிரேக்கை மிதிக்காமல் பட்டனை அழுத்தினால் பெரும்பாலும் போதும். பிறகு செயலியை இணைத்துக் குறியீடுகளைப் படிக்கச் சொல்லுங்க.

அந்த ஐந்து எழுத்துகள்

திரையில் பி0301 என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் எழுத்து எந்தப் பகுதி என்று சொல்லும். பவர்டிரெயின், அதாவது எஞ்சினும் கியர்பாக்ஸும் என்றால் பி. பிரேக், ஸ்டீயரிங் போன்ற சேசிஸ் பகுதிக்கு சி. காருக்குள் இருக்கும் கணினிகளின் ஒன்றோடொன்றான தொடர்புக்கு யூ. பாடி பகுதிக்கான எழுத்தையும் தமிழில் பி என்றுதான் எழுதணும் என்பது நம்ம பிரச்சினை. இந்தக் கட்டுரையில் வரும் பி எல்லாமே பவர்டிரெயின் பி தான்.

இரண்டாவது இடத்தில் 0 இருந்தால் எல்லாத் தயாரிப்பாளர்களுக்கும் பொதுவான குறியீடு. 1 இருந்தால் அந்தத் தயாரிப்பாளரே வைத்துக்கொண்டது. 1இல் தொடங்குவதை இணையத்தில் தேடும்போது உங்கள் காரின் பிராண்டையும் சேர்த்துத் தேடுங்க. இல்லாவிட்டால் வேறொரு காரின் நோய்க்கு மருந்து வாங்கிவிடுவீங்க. மூன்றாவது எண் உட்பிரிவு: 1, 2 என்றால் காற்றும் எரிபொருளும், 3 என்றால் இக்னிஷன், 4 என்றால் புகைக் கட்டுப்பாடு. கடைசி இரண்டு எண்களும் குறிப்பிட்ட கோளாறைச் சொல்லும்.

ஆக, பி0301 என்றால் முதலாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை. குறியீடு சொன்னது அவ்வளவுதான். ஏன் எரியவில்லை என்று அது சொல்லவே இல்லை. இக்னிஷன் காயிலா, ஸ்பார்க் பிளக்கா, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரா? கணினிக்குத் தெரியாது. வொர்க்‌ஷாப் செலவு வீணாகப் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். குறியீட்டில் ஒரு பாகத்தின் பெயர் இருந்தால், அந்தப் பாகத்தையே மாற்றச் சொல்வதாக நாம் எடுத்துக்கொள்கிறோம்.

காசு செலவில்லாத ஒரு சோதனை

பி0301க்கு ஓர் அழகான சோதனை உண்டு. மைவி போல ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்கின் தலையிலும் தனித்தனி காயில் உட்கார்ந்திருக்கும் நான்கு சிலிண்டர் கார்களில் இதைச் செய்யலாம்.

எஞ்சினை அணைத்து, நன்றாக ஆறவிடுங்க. முதலாவது சிலிண்டரின் காயிலையும் மூன்றாவதன் காயிலையும் கழற்றி இடம் மாற்றிப் போடுங்க. வயர் கிளிப் ஒன்று, போல்ட் ஒன்று, அவ்வளவுதான். சில கார்களில் மேலே இருக்கும் ஏர் ஃபில்டர் பெட்டியை முதலில் எடுக்க வேண்டியிருக்கும். பிளாஸ்டிக் கிளிப்புகள் வயசானால் சட்டென்று உடையும், மெதுவாக அழுத்துங்க. எஞ்சின் ஓடும்போது மட்டும் காயிலைத் தொடவே கூடாது. அதில் வரும் மின்னழுத்தம் ஆயிரக்கணக்கான வோல்ட்.

இப்போது குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்க. அடுத்த முறை பி0303 வந்தால் கோளாறு காயிலோடு சேர்ந்து இடம் மாறிவிட்டது; காயில்தான் கெட்டிருக்கு. ஒரே ஒரு காயில் வாங்கினால் போதும். திரும்பவும் பி0301 வந்தால் அந்தக் காயில் நிரபராதி. அடுத்து ஸ்பார்க் பிளக்கை இதே மாதிரி இடம் மாற்றிப் பாருங்க. பிளக்கும் நல்லதாக இருந்தால் இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று போகணும். அதற்கு மேல் மெக்கானிக்கிடம் விட்டுவிடுவது நல்லது.

என்னைக் கேட்டால், வீட்டில் குறியீட்டை அழிப்பதற்குச் சரியான நேரம் இதுதான். ஒன்றை மாற்றிவிட்டு, என்ன திரும்பி வருது என்று பார்ப்பதற்காக.

சென்சார் மேல பழி

அடிக்கடி வரும் இன்னொன்று பி0171. எரியும் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று பொருள். இதை யார் சொல்வது? ஆக்சிஜன் சென்சார். உடனே அந்த சென்சாரையே மாற்றுவது, காய்ச்சல் என்று காட்டிய தெர்மாமீட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குவது போலத்தான்.

செயலியில் 'ஃபியூவல் ட்ரிம்' என்ற எண்ணைத் தேடுங்க. கணினி வழக்கத்தைவிட எத்தனை விழுக்காடு பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ தெளிக்கிறது என்று அது காட்டும். பூஜ்யத்தை ஒட்டி, 10க்குள் ஏறி இறங்கினால் கவலையில்லை. 20ஐத் தாண்டினால் கணினி தடுமாறுகிறது. காற்றின் அளவை நேரடியாக அளக்கும் சென்சார் உள்ள கார்களில் இதை வைத்தே காரணத்தை ஓரளவு நெருங்கலாம். காரை நிறுத்தி, ஐடிலில் எண்ணைப் பாருங்க. பிறகு 2,500 ஆர்பிஎம்முக்கு ஏற்றிப் பாருங்க. ஐடிலில் அதிகமாக இருந்தது அங்கே நன்றாக இறங்கினால், எங்கோ ஒரு ரப்பர் குழாய் வெடித்து, அளக்கப்படாத காற்று உள்ளே போகுது என்று சந்தேகிக்கலாம். நம்ம ஊர் வெயிலுக்கும் பானெட் சூட்டுக்கும் ரப்பர் பிளப்பது சாதாரணம். எஞ்சின் ஓடும்போது 'உஸ்' என்ற சத்தம் கேட்கிறதா என்று காது கொடுங்க. கை, துப்பட்டா, தலைமுடி எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது.

பி0420 வந்தாலும் இதே கதை. கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் தன் வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்று பின்பக்க சென்சார் புகார் சொல்கிறது. கன்வர்ட்டருக்கு ஆர்டர் கொடுக்கும் முன், புகைக்குழாயில் ஓட்டை இருக்கா, முன்பு மிஸ்ஃபயர் குறியீடு வந்து கண்டுகொள்ளாமல் விட்டீங்களா என்று பார்க்கணும். இரண்டாவது காரணத்தைச் சரிசெய்யாமல் புதுக் கன்வர்ட்டர் போட்டால் அதுவும் அதே வழியில் போய்விடும்.

பெட்ரோல் மூடியைச் சரியாக மூடாததால் லைட் எரிந்தது என்ற கதையை அமெரிக்கக் காணொளிகளில் நிறையப் பார்த்திருப்பீங்க. அந்த ஆவிக் கசிவுச் சோதனை அங்குள்ள விதிகளுக்காக வந்தது. இங்கே ஓடும் எல்லாக் கார்களிலும் அது இருக்காது.

அழித்தால் எதெல்லாம் போகும்?

செயலியில் 'கிளியர்' பட்டன் பெரிசாகவே இருக்கும். அதை அழுத்தினால் குறியீடு மட்டும் போகாது. கோளாறு பதிவான அந்த நொடியில் எஞ்சின் வெப்பம் எவ்வளவு, வேகம் எவ்வளவு, ஆர்பிஎம் எவ்வளவு என்று கணினி சேமித்து வைத்த 'ஃப்ரீஸ் ஃபிரேம்' பதிவும் சேர்ந்து அழியும். விட்டுவிட்டு வரும் கோளாறைத் தேடும் மெக்கானிக்கிற்கு அந்தப் பதிவுதான் துப்பு. கணினி கற்றுவைத்த பெட்ரோல் அளவுகளும் அழியலாம். அதனால் சில நாள் ஐடில் கொஞ்சம் முரண்டு பிடிக்கக்கூடும். பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினாலும் பெரும்பாலான கார்களில் இதெல்லாம் நடக்கும், ரேடியோ அமைப்புகளும் கூடவே போகும். ஆகவே முதலில் எல்லாத் திரைகளையும் ஸ்க்ரீன்ஷாட் எடுங்க.

இன்னொரு விஷயம்: பல நேரம் அழிக்கவே தேவையில்லை. கோளாறு உண்மையில் சரியாகிவிட்டால், தொடர்ந்து மூன்று பயணங்களில் அது திரும்ப வராதபோது லைட் தானாகவே அணைந்துவிடும்.

ஏர்பேக், ஏபிஎஸ் லைட்டுகளை மலிவு ரீடர் பொதுவாகப் படிக்காது. ஏர்பேக் வயர்களின் மஞ்சள் கனெக்டர்களை வீட்டில் கழற்றிப் பார்க்க வேண்டாம்.

செகண்ட்ஹேண்ட் கார் வாங்கப் போறீங்களா?

அந்தச் சின்ன ரீடரின் விலை ஒரே நாளில் திரும்பி வருவது இங்கேதான். நீங்கள் பார்க்க வருவதற்கு அரை மணி நேரம் முன்பு ஒருவர் குறியீட்டை அழித்துவிட்டால், டேஷ்போர்டு சுத்தமாக இருக்கும். ஆனால் கார் அதை மறைக்காது. கணினி தன் பாகங்களைச் சோதித்து முடித்ததா என்று காட்டும் 'ரெடினஸ்' பட்டியல் செயலியில் இருக்கும். குறியீட்டை அழித்தவுடன் அந்தச் சோதனைகளில் பல 'முடியவில்லை' என்ற நிலைக்குத் திரும்பிவிடும். எல்லாவற்றையும் முடிக்க சில நாள் சாதாரணமாக ஓட்ட வேண்டியிருக்கும். பல கார்களில் 'குறியீடு அழித்த பின் ஓடிய தூரம்' என்ற எண்ணும் கிடைக்கும். ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிய காரில் அந்த எண் 4 என்று இருந்தால், ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கு.

உடனே திருட்டுப் பட்டம் கட்டிவிடாதீங்க. புது பேட்டரி போட்டிருந்தாலும் இப்படித்தான் காட்டும், நம்ம ஊர்ச் சூட்டில் பேட்டரி அடிக்கடி மாறும். "ரெண்டு மூணு நாள் கழிச்சு இன்னொரு தடவை வந்து பாக்கலாமா?" என்று கேளுங்க. பதில் எப்படி வருது என்பதே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்.

சாவியை 'ஆன்' செய்து எஞ்சினை இயக்காமல் டேஷ்போர்டையும் பாருங்க. அந்த நேரத்தில் செக் எஞ்சின் லைட் எரியணும். எரியவே இல்லையென்றால் லைட் கெட்டிருக்கலாம், அல்லது யாரோ அதன் வாயை மூடியிருக்கலாம்.

மெக்கானிக்கிடம் என்ன சொல்வது?

"அண்ணே, லைட் எரியுது, பாருங்க" என்று மட்டும் சொல்லாமல், "அண்ணே, பி0171 வந்திருக்கு. ஐடில்ல ட்ரிம் 22 காட்டுது, 2,500ல 6க்கு இறங்குது. ஹோஸ் எங்கயாவது பிளந்திருக்கான்னு பாக்கறீங்களா?" என்று சொல்லிப் பாருங்க. நல்ல மெக்கானிக் இதைக் கேட்டுச் சந்தோஷப்படுவார். கோளாறைக் கண்டுபிடிக்கும் நேரத்துக்கு அவர் தனியாகக் கூலி கேட்டால் கொடுங்க. தேவையில்லாத ஒரு சென்சாரைவிட அது பெரும்பாலும் மலிவுதான்.

வீட்டுக்கு வந்ததும் ரீடரைக் கழற்றி டேஷ்போர்டு டிராயரில் போட்டுவிடுங்க. சாக்கெட்டிலேயே விட்டால், கார் அணைந்திருந்தாலும் அது கொஞ்சம் கொஞ்சமாகப் பேட்டரியைக் குடித்துக்கொண்டே இருக்கும்.