மோட்டார் வண்டியில் தாழ்சுருதி ஒலி: பெட்டியின் அளவும் பயனும்

மாட்டுங்காவை அடுத்த சண்முகானந்த அரங்கிலும் செம்பூர் பைன் ஆர்ட்ஸ் சொசைட்டியிலும் கச்சேரி கேட்டுப் பழகியோர், மிருதங்கத்தின் தொப்பி எவ்வாறு ஒலிக்க வேண்டும் என்பதை நன்கறிவர். இடக்கை விழுந்த கணமே 'தொம்' என்ற நாதம் எழவேண்டும். அடுத்த சொல் பிறக்குமுன் அது அடங்கவும் வேண்டும். தொப்பியின் நடுவே பிசைந்த ரவையை அப்புவது சுருதியைத் தாழ்த்துவதற்காகவே. அதன் அளவு பிசகினால் நாதம் கெடும்.

இதே மிருதங்கத்தை மோட்டார் வண்டியில் ஒலிப்பதிவாகக் கேட்கும்போது, பல வேளைகளில் அடிகள் ஒன்றோடொன்று கலந்து 'கும்' என்று இழுபடுகின்றன. தாழ்சுருதிக்கெனத் தனியே பொருத்தப்படும் சப்வூபர் ஒலிபெருக்கி பெரிதாயிருந்தால் இக்குறை நீங்கும் எனக் கருதி, லாமிங்டன் ரோடு கடைகளில் 12 அங்குலக் கூம்புக்குப் பதிலாக 15 அங்குலக் கூம்பை நாடுவது வீண் செலவு. குறை பெரும்பாலும் கூம்பில் இல்லை. அது அமர்ந்துள்ள பெட்டியில் உள்ளது.

மூடிய பெட்டியினுள் அடைபட்ட காற்று ஒரு சுருள்வில்லைப் போல் இயங்கிக் கூம்பைப் பின்னுக்குத் தள்ளுகிறது. இவ்வியல்பையே ஆதாரமாகக் கொண்டு அமெரிக்கரான எட்கர் வில்ச்சர் 1954ஆம் ஆண்டில் சிறிய ஒலிபெருக்கிப் பெட்டியை உருவாக்கினார். பின்னர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த நெவில் தீல் 1961இலும், ரிச்சர்டு ஸ்மால் 1970களின் தொடக்கத்திலும் இதனைக் கணக்கில் அடக்கினர். இன்று தரமான ஒலிபெருக்கிகளுடன் வரும் விவரத்தாளில் மூன்று எண்களைக் காணலாம்: கூம்பின் இயல்பதிர்வெண், அதிர்வு எவ்வளவு விரைவில் அடங்கும் என்பதைக் காட்டும் கூர்மை எண், கூம்பின் தாங்கிக்கு நிகரான விறைப்புடைய காற்றின் கன அளவு.

ஓர் உதாரணம் காண்போம். இயல்பதிர்வெண் விநாடிக்கு 30, கூர்மை எண் 0.40, நிகர்க் காற்று 42 லிட்டர் எனக் கொள்க. நிகர்க் காற்றைப் பெட்டியின் கன அளவால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, வர்க்கமூலம் கண்டு, அதனால் முன்னிரண்டு எண்களையும் பெருக்கவேண்டும். 20 லிட்டர் பெட்டியானால் கூர்மை எண் ஏறத்தாழ 0.70, அதிர்வெண் 53 ஆகும். 0.70 என்பதே மேடு பள்ளமற்ற ஒலிக்குரிய நிலை. இடத்தை மிச்சப்படுத்த எண்ணிப் பெட்டியை 6 லிட்டராகக் குறைத்தால் கூர்மை எண் 1.13 ஆக உயர்கிறது. விநாடிக்கு 85 அதிர்வுகளுக்குச் சற்று மேலே 2 டெசிபல் அளவு மேடு தோன்றுகிறது. அடி நின்ற பின்னும் கூம்பு சற்றுநேரம் ஆடுகிறது. இழுபடும் ஒலி இதுவே. உயர்நிலைப் பள்ளி மாணவர்களும் இக்கணக்கைச் செய்து பார்க்கலாம்.

மூடிய பெட்டியின் ஒலி 53 அதிர்வுகளுக்குக் கீழே, அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு படிக்கும் 12 டெசிபல் வீதம் தேய்கிறது. வீட்டில் இது குறையே. வண்டியிலோ நிலைமை வேறு. உள்ளறையின் நீளம் 3 மீட்டர் எனில், ஏறத்தாழ 57 அதிர்வுகளுக்குக் கீழ்ப்பட்ட ஒலியின் அரை அலைநீளம் அறைக்குள் அடங்காது. அறையின் காற்று முழுவதும் ஒருசேர அழுந்தி விரிகிறது. அதனால் ஒலியழுத்தம் கிட்டத்தட்ட அதே வீதத்தில் ஏறுகிறது. தேய்வும் ஏற்றமும் ஒன்றையொன்று ஈடுசெய்வது வண்டிக்காரருக்குக் கிட்டிய நற்பேறு எனலாம். கண்ணாடி இடுக்குகளாலும் தகட்டின் நெகிழ்வாலும் இவ்வேற்றம் முழுமையாகக் கிட்டுவதில்லை. பின்பெட்டி தனியாக அடைபட்ட வண்டிகளில் மேலும் குறையும். துளைக்குழாய் பொருத்திய பெட்டி உரத்து ஒலிக்கும் என்பது மெய்யே. ஆயினும் குழாயின் அதிர்வெண்ணுக்குக் கீழே அதன் தேய்வு 24 டெசிபல். ஒலி அடங்கவும் கூடுதல் நேரம் பிடிக்கும்.

அடியின் 'சுள்'ளென்ற முனை சப்வூபரிலிருந்து வருவதன்று. கதவிலுள்ள ஒலிபெருக்கிகளே அதனைத் தருகின்றன. ஆகவே 80 அதிர்வுகளுக்குக் கீழ்ப்பட்டதைச் சப்வூபருக்கும், மேற்பட்டதைக் கதவுக்கும் பிரித்தனுப்புவது நலம். கதவின் தகடு கிடுகிடுத்தால் அதிர்வடக்கும் ஒட்டுத்தாள் வேண்டும். பின்புறப் பெட்டி கேட்போருக்கு 2 மீட்டர் அதிகத் தொலைவில் இருப்பின் அதன் ஒலி 6 மில்லிவிநாடி பிந்திச் சேரும். கதவு ஒலியை அதே அளவு தாமதிக்கச் செய்யும் வசதி இக்காலக் கருவிகள் பலவற்றில் உண்டு.

300 வாட் பெருக்கி முழுத் திறனில் இயங்குகையில் மின்கலத்திலிருந்து 30 ஆம்பியர் அளவு மின்னோட்டத்தை இழுக்கக்கூடும். மெல்லிய கம்பி சூடேறும். மின்னழுத்தம் தாழ்ந்து ஒலி சிதையும். தடித்த செப்புக் கம்பியும், மின்கலத்தை ஒட்டியே ஒரு பியூசும் இன்றியமையாதவை. பியூஸ் இன்றி வயர் இழுப்பது தீயை வரவழைப்பதாகும்.

வண்டிக்கு வெளியே இருப்போரையும் எண்ணவேண்டும். தாழ்சுருதி ஒலியை மெல்லிய சுவர்கள் தடுப்பதில்லை. தாராவியில் தகரச் சுவருக்கு அப்பால் உறங்கும் குழந்தைக்கும், தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் அண்மையிலுள்ள சயான் மருத்துவமனையின் நோயாளிக்கும் பாட்டு எட்டாது. அதிர்வு மட்டும் எட்டும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என வரம்பிட்டுள்ளன. அமைதிப் பகுதிக்கு 50, 40. வண்டிக்குள் அறையின் ஏற்றமே துணைசெய்வதால், 10 அங்குலக் கூம்பு ஒன்று மிதமான ஒலியில் கச்சேரி கேட்கப் போதும்.

பொருத்தியபின் சோதிப்பது எளிது. நன்கு பழகிய தனியாவர்த்தனப் பதிவைக் குறைந்த ஒலியில் வைத்து, சப்வூபரின் இரு கம்பிகளையும் ஒருமுறை மாற்றிக் கொடுத்துக் கேட்கவேண்டும். மாற்றுமுன் பெருக்கியை அணைத்தல் அவசியம். எந்த இணைப்பில் தொப்பியின் ஒலி பின்னிருக்கையிலிருந்து வருவதாகத் தோன்றாமல், வலந்தலையின் சொற்களோடு சேர்ந்து முன்னிருந்தே எழுகின்றதோ, அதுவே சரியான இணைப்பு.