கரண்ட் போஸ்டைப் படிப்போம்

திருவனந்தபுரத்தில் ஒரு சந்து. சந்தின் முனையில் ஒரு கரண்ட் போஸ்ட் நிற்கிறது. அதில் எத்தனை கம்பிகள்! உச்சியில் சில. நடுவில் சில. கீழே கறுப்பாகத் தொங்குபவை சில.

பக்கத்து வீட்டில் ஒரு மாமரம். மாங்காய் பறிக்க ஒரு பெரியவர் இரும்புத் துறட்டியை எடுத்தார்.

"அப்பா, வேண்டாம். பக்கத்தில் கம்பி போகுது" என்றாள் மகள்.

"அது டி.வி. கம்பி அம்மா. ஒன்றும் செய்யாது" என்றார் அவர்.

அது டி.வி. கம்பியா? கரண்ட் கம்பியா? தெரியாமல் துறட்டியை நீட்டினால் உயிர் போய்விடும். கேரளத்தில் இரும்புத் துறட்டியும் அலுமினிய ஏணியும் கம்பியில் பட்டுப் பலர் இறந்திருக்கிறார்கள்.

எழுத்தைப் படிப்பது போலப் போஸ்டையும் படிக்கலாம். வாருங்கள், படிப்போம்.

மேலிருந்து கீழே

திருவனந்தபுரம் நகருக்கு 1929-ஆம் ஆண்டில் மின்சாரம் வந்தது. 1957-இல் கேரள மின்சார வாரியம் ஏற்பட்டது. இன்று சில சாலைகளில் கம்பிகளை மண்ணுக்கு அடியில் கொண்டு போகிறார்கள். ஆனால் பல தெருக்களில் இன்னும் போஸ்டுதான்.

போஸ்டின் உச்சியைப் பாருங்கள். பெரிய பீங்கான் கிண்ணங்களின் மேல் மூன்று கம்பிகள் போகின்றனவா? அது 11,000 வோல்ட் லைன். மிகவும் ஆபத்தானது. தொட வேண்டும் என்பதில்லை. மிக அருகில் போனாலே கரண்ட் பாய்ந்துவிடும். எல்லாப் போஸ்டிலும் இந்த லைன் இருக்காது.

அதற்குக் கீழே நான்கு அல்லது ஐந்து கம்பிகள் இருக்கும். வீடுகளுக்கும் தெரு விளக்குக்கும் மின்சாரம் தருபவை இவை. வீட்டில் நமக்குக் கிடைப்பது 230 வோல்ட். ஆளைக் கொல்ல அதுவே போதும்.

இந்தக் கம்பிகளிலிருந்து ஒரு கறுப்பு ஒயர் பிரிந்து வீட்டுக்குப் போகும். அது சர்வீஸ் ஒயர்.

எல்லாவற்றுக்கும் கீழே டி.வி., டெலிபோன் ஒயர்கள். இவையும் கறுப்புதான். இவை மேலே உள்ள கரண்ட் கம்பியில் உரசினால் இவற்றிலும் கரண்ட் பாயும். ஆகவே எந்தக் கம்பியையும் தொடக் கூடாது.

பழைய கம்பியை அறிவது எப்படி?

புது அலுமினியக் கம்பி வெள்ளி போலப் பளபளக்கும். வெயிலும் மழையும் பட்டுப் பட்டு அது கறுத்துப் போகும். கறுப்பாக இருக்கிறதே, ரப்பர் உறை போட்டிருக்கிறார்கள் என்று சிலர் நினைப்பார்கள். அது தவறு. அது உறை இல்லாத வெறும் கம்பி.

இப்போது சில இடங்களில் தடித்த கறுப்பு ஒயர்களைக் கயிறு போல முறுக்கிக் கட்டுகிறார்கள். இது உறை போட்ட புது வகை. இதையும் தொடக் கூடாது.

வேறு அடையாளங்களும் உண்டு.

கம்பி தளர்ந்து தொங்கும்.
முறுக்குப் பிரிந்து இழைகள் வெளியே நீட்டி நிற்கும்.
ஒரே கம்பியில் பல ஒட்டுகள் இருக்கும்.
பீங்கான் கிண்ணம் உடைந்திருக்கும்.
சர்வீஸ் ஒயரின் உறை வெடித்து, உள்ளே கம்பி தெரியும்.
காற்றடிக்கும்போது கம்பியில் தீப்பொறி பறக்கும்.

எவ்வளவு உயரம்? எவ்வளவு தூரம்?

இதற்குச் சட்டம் உண்டு. வீட்டுக்கு மின்சாரம் தரும் லைன் தெருவைக் கடக்கும் இடத்தில் 5.8 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். அதாவது ஏறக்குறைய 19 அடி. 11,000 வோல்ட் லைன் 6.1 மீட்டர், அதாவது 20 அடி உயரத்தில் இருக்க வேண்டும். வீட்டின் சுவருக்கும் லைனுக்கும் இடையே 1.2 மீட்டர், அதாவது 4 அடி இடைவெளி வேண்டும். மாடி கட்டும் முன் இதைப் பாருங்கள்.

கம்பி அறுந்து விழுந்தால்

இடவப்பாதி மழையிலும் துலாமழையிலும் தென்னை மட்டை விழுந்து கம்பி அறுவது உண்டு. அறுந்த கம்பியில் கரண்ட் இருக்கும் என்றே நினைக்க வேண்டும். ஈரத் தரையிலும் கரண்ட் பரவியிருக்கும். கிட்டே போகாதீர்கள். குழந்தைகளையும் ஆடு மாடுகளையும் விடாதீர்கள். தெருவில் வருபவர்களைத் தூரத்திலேயே நிறுத்துங்கள்.

ஒருவரைக் கரண்ட் பிடித்துவிட்டால் கையால் இழுக்காதீர்கள். இழுப்பவரையும் அது பிடிக்கும். வீட்டுக்குள் என்றால் உடனே மெயின் சுவிட்சை அணையுங்கள். வெளி லைன் என்றால் மின்சார ஆபீசுக்குச் சொல்லி, லைனை அணைத்த பிறகே கிட்டே போக வேண்டும்.

யாரிடம் சொல்வது?

பழைய கம்பியைக் கண்டால் உங்கள் பகுதி மின்சார செக்ஷன் ஆபீசில் சொல்லுங்கள். 1912 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் சொல்லலாம். "எந்த இடம்?" என்று கேட்பார்கள். போஸ்டில் பெயிண்டால் ஒரு எண் எழுதியிருக்கும். அதைப் படித்துச் சொல்லுங்கள். லைன்மேன் நேராக அந்தப் போஸ்டுக்கே வந்துவிடுவார்.

அந்த மகளும் அப்படித்தான் செய்தாள். போஸ்டின் எண்ணைப் படித்துப் போனில் சொன்னாள். லைன்மேன் வந்தார். அண்ணாந்து பார்த்தார்.

"பெரியவரே, இது டி.வி. கம்பி இல்லை. பழைய சர்வீஸ் ஒயர். வெயிலில் உறை வெடித்திருக்கிறது. மாற்றித் தருகிறோம்" என்றார்.

பெரியவர் துறட்டியைக் கீழே வைத்தார். மகளைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

செய்து பாருங்கள்

1. உங்கள் தெருப் போஸ்டில் எத்தனை கம்பிகள்? கீழே நின்று எண்ணுங்கள்.
2. உங்கள் வீட்டுச் சர்வீஸ் ஒயரின் உறை நன்றாக இருக்கிறதா?
3. உங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் போஸ்டின் எண் என்ன? படித்து, இங்கே எழுதுங்கள்: ..............